வடசென்னையிலிருந்து ரேஸ் ட்ராக்குக்கு: புதிதாக வருகிறவருக்கு

வண்டிப் பந்தயத்தில் ஆசை உள்ள பையன்கள் நம் பக்கத்தில் ஏராளம். கொருக்குப்பேட்டையோ வியாசர்பாடியோ, எந்தத் தெருவுக்குள் போனாலும் பழைய ஆர்எக்ஸ் 100 ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர்களில் பலர் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. "அதெல்லாம் பெரிய எடத்துப் பசங்களுக்குப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதில் பாதி உண்மை. கார் ஓட்டிப் பந்தயம் போகப் பணம் வேண்டும், நிறைய வேண்டும். ஆனால் பந்தய நாளில் ட்ராக்குக்குள் இருப்பவர்களில் ஓட்டுகிறவர் கொஞ்சம், ஓட்டாதவர்தான் அதிகம். கொடி பிடிக்கிறவர், டயர் மாற்றுகிறவர், நேரம் குறிக்கிறவர், வண்டியைச் சோதனை போடுகிறவர், நின்றுபோன வண்டியை இழுத்து வருகிறவர் என்று ஒரு கூட்டமே உள்ளே வேலை செய்கிறது. அந்த வழியாக உள்ளே போகப் பணம் தேவையில்லை. முதலில் அந்த வழியைத்தான் சொல்லப்போகிறேன். ஓட்டுவதைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

நமக்கு இது அந்நியமான சங்கதியும் இல்லை. எம்ஆர்எஃப் 1946-இல் பலூன் செய்யும் சின்னப் பட்டறையாகத் தொடங்கியது திருவொற்றியூரில்தான். ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்ததும் அங்கேதான். 1948-இல் உருவான அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டியது. லேலண்ட் லாரியெல்லாம் அப்புறம் வந்தது. இதையெல்லாம் தாண்டி, செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது அந்த ஓடுதளத்தில்தான். நாடு முழுவதிலிருந்தும் கார்கள் வந்தன. பழைய மெக்கானிக் யாராவது தெரிந்தவர் இருந்தால் சோழவரம் என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு உங்கள் வண்டி வேலை நடக்காது. 1990 வாக்கில் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ட்ராக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டது. நாமும் அங்கேதான் போக வேண்டும்.

எந்தப் பந்தயம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ரேஸ் பிடிக்கும் என்று வருகிறவர்களில் சிலர் ஃபார்முலா 1 பார்த்து வந்தவர்கள், சிலர் அஜித் துபாயில் ஓட்டியதைப் பார்த்து வந்தவர்கள். இரண்டும் வேறு வேறு ஆட்டம். அஜித் குமார் அணி 2025 ஜனவரியில் தன் வகுப்பில், அதாவது ஒரே ரகக் கார்களின் பிரிவில், மூன்றாவதாக வந்தது 24 மணி நேரப் பந்தயத்தில். அதில் ஒரே காரைப் பலர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். வேகம் பாதிதான், கார் உடையாமல் மறுநாள்வரை தாங்குவது மீதிப் பாதி. ஃபார்முலா 1-இல் ஓர் ஆள், ஒரு கார், ஏறக்குறைய 305 கி.மீ., இரண்டு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

இருங்காட்டுக்கோட்டையில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் இன்னும் குட்டையான பந்தயங்கள். அரை மணிக்குள் முடிந்து, அடுத்த வகுப்பு வந்து நிற்கும். கார்களில் ஃபார்முலா எல்ஜிபி 4 என்று ஒன்று உண்டு. ஒற்றை இருக்கை, திறந்த சக்கரம், உள்ளே இருப்பது நம் ஊர் ஸ்விஃப்டில் வந்த 1.3 லிட்டர் எஞ்சின். அதற்கு மேலே 2023-இல் இந்தியாவுக்கு வந்த ஃபார்முலா 4. அதிலும் எஞ்சின் 1.3 லிட்டர்தான், ஆனால் டர்போ வைத்தது. சேசிஸ், டயர், விங் எல்லாமே வேறு உலகம். இந்த இரண்டையும் ஒரே வளைவில் நின்று பார்த்தால், சிசி மட்டும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் டூரிங் கார்கள்: ஷோரூமை விட்டு எப்போதோ போய்விட்ட மாருதி எஸ்டீம்கள் இங்கே இன்னும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் பார்க்கச் சுவாரஸ்யம் அதுதான். ஃபார்முலா கார்கள் அடுத்தபடி.

பைக்குக்குப் பெரும்பாலும் தனி வார இறுதி. 165 சிசி வகுப்பில் தெருவில் ஓடும் அதே வண்டிகள்தான், கண்ணாடி, லைட், சைடு ஸ்டாண்டு எல்லாம் கழற்றப்பட்டு நிற்கும். பெண்களுக்குத் தனி வகுப்பு உண்டு. தங்கைக்கு ஆசை இருந்தால் அழைத்துப் போங்கள்.

ராலி, டிராக் (drag), டர்ட் மூன்றும் தனித்தனி உலகம். ராலியில் மண் ரோட்டில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள், பக்கத்தில் ஒருவர் குறிப்பைப் படித்துக்கொண்டே வருவார். டிராக் என்றால் நேர்கோட்டில் யார் முதலில் என்று பார்ப்பது. டர்ட் என்றால் மண் மேட்டில் பைக். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ட்ராக்குக்குப் போவது

ட்ராக்குக்கு இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். பழைய ஆட்கள் எம்எம்ஆர்டி என்பார்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால், ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் அதே ஊரில் இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை ஆட்கள் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, பச்சை வழித்தடம் மாறிக் கோயம்பேட்டில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து பூந்தமல்லி பஸ், பூந்தமல்லியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற பஸ். மாதவரம், மூலக்கடை ஆட்கள் பைக்கில் போவதானால் ரெட்டேரி, பாடி வழியாக நூறடி ரோட்டைப் பிடிப்பதைவிட, புழல் போய் பைபாஸில் ஏறி மதுரவாயலில் இறங்குவது நிம்மதி. மதுரவாயலுக்கு அப்புறம் நேர் ரோடு. ஹார்பருக்குப் புதுக் கார் ஏற்றிக்கொண்டு எதிரே வரும் நீளமான ட்ரெய்லர்களைப் பார்த்தால் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் இறுதிப் பந்தயங்கள், எல்லோரும் அன்றைக்குத்தான் வருவார்கள். நீங்கள் முதல்முறை சனிக்கிழமை போங்கள். அன்றைக்குப் பயிற்சியும், பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்றும் நடக்கும். கூட்டம் இருக்காது, ஆட்களுக்குப் பேச நேரம் இருக்கும், வண்டி பிரித்துப் போட்டிருப்பதையும் பார்க்கலாம். தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், ஷூ, காதுக்குப் பஞ்சு அல்லது இயர் பிளக். நிழல் குறைவான இடம். அக்டோபர், நவம்பர் என்றால் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நடக்கும் பந்தயம் ஒன்றைப் பார்க்கக் கொடுத்துவைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ட்ராக் ஒரு சுற்று 3.7 கி.மீ., மொத்தம் 12 வளைவுகள். பேர் சொல்ல மாட்டார்கள், சி1, சி2 என்று எண்தான். நேர்ச்சாலையில் வண்டி பறப்பதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். பார்வையாளர் நிற்க அனுமதி உள்ள இடத்தில், எங்கிருந்து ஒரு வளைவு தெரிகிறதோ அங்கே போய் நில்லுங்கள். கண்ணை வண்டிமேல் வைக்காமல் தரையில் ஏதாவது ஓர் அடையாளத்தில் வையுங்கள், ஒரு தூரப் பலகை அல்லது ஒரு கறுப்புத் தழும்பு. ஒவ்வொருவரும் அந்த அடையாளத்துக்கு முன்னால் பிரேக் பிடிக்கிறாரா, தாண்டியா என்று கவனியுங்கள். காதால் கேட்டாலே தெரியும். எஞ்சின் சத்தம் படபடவென்று கியர் கியராக இறங்கும். முதல் வரிசைக்காரர் பிடிக்கும் இடமும் கடைசி ஆள் பிடிக்கும் இடமும் நீங்கள் நினைத்ததைவிடப் பக்கத்தில்தான் இருக்கும். வித்தியாசம் வளைவை விட்டு வெளியே வருவதில் இருக்கும்: யார் முதலில் திராட்டிலைத் திறக்கிறார் என்பதில்.

அடுத்து, நேரப் பட்டியல். ஒவ்வொரு பயிற்சியும் பந்தயமும் முடிந்ததும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுற்றுக்கும் எடுத்த நேரத்தை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். புதிதாக வருகிறவர் முதல் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருவருடைய சுற்றுகள் 1:52.4, 1:52.6, 1:52.3, 1:52.5 என்று இருக்கின்றன. இன்னொருவர் 1:53.9, 1:51.8, 1:54.6, 1:52.9. தகுதிச் சுற்றில் இரண்டாமவர்தான் முன்னால், ஏனென்றால் அங்கே ஒரே ஒரு நல்ல சுற்று போதும். பந்தயத்தில் நான் பணம் கட்டுவதானால் முதலாமவர்மேல்தான் கட்டுவேன். எட்டுச் சுற்றில் இந்தக் கணக்கு எப்படித் திரும்புகிறது என்று ஞாயிறன்று பாருங்கள். பட்டியலைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவனுக்குத்தான் பந்தயம் பிடிபடும்.

பேடாக், அதாவது வண்டிகள் நிற்கும் பின்பக்கம், போக அனுமதி கிடைத்தால் சில மரியாதைகள் உண்டு. கேட்காமல் எதையும் தொடாதீர்கள். தரையில் வைத்திருக்கும் போல்ட்டை அழகாக இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்து வேறு இடத்தில் வைத்தால் உதைதான் விழும். வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். வண்டி திரும்பி வந்து, அவர் ஒரு டீ குடித்ததும், "அண்ணா, ஒரு டவுட்" என்று தொடங்கினால் முக்கால்வாசிப் பேர் உட்கார வைத்துச் சொல்லித்தருவார்கள். அதிலும் நம் ஏரியா மெக்கானிக்காக இருந்துவிட்டால் பேச்சு வளர்ந்துகொண்டே போகும்.

கொடி பிடிக்கப் போங்கள்

ரெண்டு மூன்று முறை பார்த்தாயிற்று, ஆசை அடங்கவில்லை என்றால் மார்ஷல் ஆகுங்கள். வண்டி வாங்குவதற்கு முன், ஜாக்கெட் வாங்குவதற்கு முன், வேறு எதற்கும் முன். ட்ராக் ஓரமாக வரிசையாக போஸ்ட்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கொடி, தீயணைப்பான், வாக்கிடாக்கி, துடைப்பத்தோடு சிலர் நிற்பார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குச் சொல்ல அவர்களை விட்டால் ஆள் இல்லை. இதைவிடப் பக்கத்தில் நின்று பந்தயம் பார்க்க எந்த டிக்கெட்டும் கிடையாது.

18 வயது முடிந்திருக்க வேண்டும். சீசனுக்கு முன் பந்தயம் நடத்தும் கிளப்புகள் பயிற்சி வகுப்பு வைக்கும். அறிவிப்பு அவர்களின் சமூக வலைதளப் பக்கங்களில் வரும். இதைச் சம்பள வேலையாக நினைத்து வர வேண்டாம். ஆசையில் செய்கிற வேலை. ஆங்கிலம் தடுமாறும் என்று பயந்தும் நிற்க வேண்டாம். போஸ்ட்டில் நடக்கும் பேச்சு முக்கால்வாசி தமிழ்தான், வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கொடிகளை வகுப்புக்கு முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மஞ்சள் ஆட்டினால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. இரண்டு மஞ்சள் சேர்த்து ஆட்டினால் பாதை அடைபட்டிருக்கிறது, நிற்கத் தயாராக இரு. பச்சை என்றால் ஆபத்து தாண்டிவிட்டது. நீலம், பின்னால் வேகமான வண்டி வருகிறது. மஞ்சளில் சிவப்புப் பட்டை, தரையில் எண்ணெயோ தண்ணீரோ. வெள்ளை, முன்னால் ஆம்புலன்ஸ் மாதிரி மெதுவான வண்டி. சிவப்பு, ஆட்டம் நிறுத்தம். அதை யாரும் தன்னிஷ்டத்துக்குக் காட்ட முடியாது, கட்டுப்பாட்டு அறை சொன்னால்தான். கறுப்புக் கொடியும் எண்ணும் காட்டினால் அந்த எண் வண்டி பிட்டுக்குள், அதாவது ட்ராக் ஓரத்தில் வண்டிகளைக் கவனிக்கும் இடத்துக்குள், வர வேண்டும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் வண்டியில் ஏதோ கோளாறு, அவருக்கே தெரியாமல் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருக்கலாம். கட்டம் போட்ட கொடி எல்லோருக்கும் தெரியும். பைக் பந்தயத்தில் சில கொடிகளுக்குப் பொருள் கொஞ்சம் மாறும், வகுப்பில் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடி பிடிப்பதிலும் பழக்கம் உண்டு. கொடியை விரித்து வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. கம்பில் சுற்றி, துணியின் ஓரத்தை விரலால் பிடித்து, உடம்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் மதியம் காற்று கொஞ்சம் பலமாகவே வீசும். மஞ்சள் துணி தானாகப் பிரிந்து ஒரு தரம் ஆடிவிட்டால் போதும், 150 கி.மீ. வேகத்தில் வருகிறவர் திராட்டிலை விட்டுவிடுவார், பின்னால் வருகிறவர் அவர்மேல் ஏறிவிடுவார். காட்டும்போது தயங்கி அசைக்கக் கூடாது. தோளிலிருந்து எட்டு போடுவது மாதிரி பெரிதாக ஆட்ட வேண்டும்.

போஸ்ட்டில் கொடிக்காரர்கள் இருவர். நீலம் வைத்திருப்பவர் வரும் வண்டிகளைப் பார்த்து நிற்பார். மஞ்சள் வைத்திருப்பவர் அவருக்கு நேர் எதிர்ப்பக்கம், தன் போஸ்ட்டைத் தாண்டிப் போன வண்டிகளைப் பார்த்து நிற்பார், ஏனென்றால் விபத்து நடப்பது அந்தப் பக்கம்தான். அவர் முதுகு வண்டிகளுக்குக் காட்டியபடி இருக்கும். ஏதாவது தடம் மாறி இவர்கள் பக்கம் வந்தால் நீலக்காரர்தான் கத்தி இழுக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர்மேல் அன்றைக்கு முழுவதும் உங்கள் உயிரை நம்பி விடுகிறீர்கள். மார்ஷல்களுக்குள் வரும் நட்பு லேசில் போகாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

யாராவது விழுந்தால் ஓடத் தோன்றும். ஓடக் கூடாது. போஸ்ட் தலைவர் சொன்ன பிறகுதான் வேலியைத் தாண்டலாம், தாண்டும்போதும் கண் வரும் வண்டிகள் பக்கமே இருக்க வேண்டும். விழுந்தவரின் ஹெல்மெட்டைக் கழற்றுவது உங்கள் வேலை இல்லை, மருத்துவர் வந்து பார்த்துக்கொள்வார். எண்ணெய் சிந்தியிருந்தால் தூளைக் கொட்டித் துடைப்பத்தால் தேய்ப்பீர்கள். பந்தயத்தின் கவர்ச்சி எல்லாம் வடிந்துபோய் வெயிலில் ரோடு கூட்டிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலும் சிரிப்பு வருகிறது என்றால் நீங்கள் இதற்கானவர்.

உடை விஷயம்: சிவப்பு, மஞ்சள் நிறச் சட்டை வேண்டாம், தூரத்திலிருந்து கொடி மாதிரி தெரியும். முழுக்கைப் பருத்திச் சட்டை நல்லது. நைலான் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கட்டை விரல் மூடிய தடிமனான ஷூ. விடியற்காலையே ஆஜராக வேண்டியிருக்கும், எண்ணூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஒரே பக்கத்திலிருந்து வருகிற நாலு பேர் சேர்ந்து ஒரு காரிலோ இரண்டு பைக்கிலோ போய்க்கொள்வதுதான் வழக்கம். முதல் நாள் வகுப்பிலேயே "வடசென்னைப் பக்கம் யாராவது இருக்கீங்களா" என்று கேட்டுவிடுங்கள்.

சில பந்தயங்களுக்குப் பிறகு உங்களுக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். நேரம் குறிக்கும் அறைக்குப் போகலாம், வண்டி விதிப்படி இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் ஸ்க்ரூட்டினியர் ஆகலாம். இந்திய மோட்டார் பந்தயத்தை நடத்தும் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ, அதிகாரிகளுக்கென்று தனி உரிமம் தருகிறது. 2024 ஆகஸ்டு கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருப் பந்தயம் இரவில் விளக்கு வெளிச்சத்தில் நடந்ததே, பாரிமுனையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், அந்த மாதிரிப் பந்தயத்துக்கும் பயிற்சி பெற்ற மார்ஷல்கள் இல்லாமல் ஒரு வண்டிகூட நகராது.

வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எதையும் மறைக்காதீர்கள். 2023 ஜனவரியில் அனுபவமுள்ள கார் ஓட்டுநர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்டில் 13 வயதுப் பையன் ஒருவனும் இதே ட்ராக்கில் இறந்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ், மருத்துவர், தடுப்பு எல்லாம் இருந்தும் ஆபத்து ஆபத்துதான். அம்மாவிடம் "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்வதைவிட, என்ன செய்யப் போகிறோம், எங்கே நிற்கப் போகிறோம் என்று விவரமாகச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

ஸ்பேனர் பிடித்தவர்களுக்கு

ஏற்கெனவே ஷெட்டில் வேலை செய்கிறீர்கள், அல்லது ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வழி இன்னும் சுருக்கம். அணிகளுக்கு எப்போதும் கை தேவை. ஆனால் ஷெட் பழக்கம் சிலவற்றை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். "கை அளவிலேயே தெரியும்" என்று போல்ட்டை முறுக்குகிறவருக்கு இங்கே இடமில்லை. டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கு முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாக மார்க்கரில் ஒரு கோடு போட வேண்டும். செய்த வேலையை நோட்டில் எழுத வேண்டும்.

பந்தய பைக்கின் ஆயில் ட்ரெயின் போல்ட்டைப் பாருங்கள். தலையில் சின்னத் துளை போட்டு, மெல்லிய எஃகுக் கம்பியை அதில் நுழைத்து முறுக்கி, பக்கத்தில் அசையாத ஒன்றோடு கட்டியிருப்பார்கள். கம்பி இழுக்கும் திசை போல்ட் இறுகும் திசையாக இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் கட்டியும் பயனில்லை. அந்தப் போல்ட் கழன்றால் எஞ்சின் போவது ஒரு பக்கம், பின்னால் வருகிற பத்துப் பேர் அந்த எண்ணெயில் வழுக்கி விழுவார்கள். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றுவதும் இதற்காகத்தான். கூலன்ட் ரோட்டில் கொட்டினால் சோப்பு மாதிரி. ட்ராக்கில் வண்டி வேலை என்பது உங்கள் வண்டிக்காரரை மட்டும் பார்க்கிற வேலை இல்லை.

டயர் காற்றும் அப்படித்தான். பங்க்கில் 32 என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. குளிர்ந்த டயரில் எவ்வளவு, மூன்று சுற்று ஓடி வந்ததும் சூட்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது, தரை வெப்பம் காலையில் எவ்வளவு, மதியம் எவ்வளவு என்று எழுதி எழுதித்தான் அளவைப் பிடிப்பார்கள். முதல் சீசனில் உங்களை வண்டியைத் தொட விடாமல் காற்று பார்க்கவும் துடைக்கவும் மட்டுமே சொல்வார்கள். கோபப்படாமல் அந்த நோட்டை ஒழுங்காக எழுதினால் இரண்டாம் சீசனில் உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பொறியியல் படிக்கிறவர்கள் கல்லூரி அணியில் சேரட்டும். மாணவர்களே காரை வடிவமைத்துக் கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. அங்கே வெல்டிங் செய்த கையோடு வருகிறவரைத்தான் டயர், பைக் கம்பெனிகளின் பந்தயப் பிரிவுகள் விரும்பிப் பார்க்கும்; மார்க் ஷீட் அப்புறம்தான்.

ரோட்டில் வேண்டாம்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி பைக் ரேஸ், ஆட்டோ ரேஸ், பந்தயப் பணம் எல்லாம் நமக்குத் தெரியாததில்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-இன்படி பொது ரோட்டில் ரேஸ் விட்டால் முதல்முறையே 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். திரும்பவும் மாட்டினால் 10,000 ரூபாய், ஓராண்டு. அதைவிடப் பெரிய விஷயம், அந்த ரோட்டில் லைட் இல்லாமல் ஓரமாக நிற்கும் கன்டெய்னர் லாரி. ட்ராக்கில் விழுந்தால் உருண்டு போக இடம் இருக்கிறது, கொடி காட்ட ஆள் இருக்கிறார். ரோட்டில் ஜெயித்தவரை ட்ராக்கில் யாரும் மதிப்பதும் இல்லை. பேடாக்கில் போய் அந்தக் கதையை ஆரம்பித்தீர்கள் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஓட்டித்தான் தீருவேன் என்றால்

கார்ட்டிங்கில், அதாவது தரையோடு ஒட்டி ஓடும் குட்டி வண்டிகளில், தொடங்குங்கள். இருங்காட்டுக்கோட்டையிலேயே மெட்ராஸ் இன்டர்நேஷனல் கார்ட்டிங் அரீனா இருக்கிறது, ஈசிஆர் பக்கமும் கார்ட் ட்ராக்குகள் உண்டு. பத்து நிமிடம் ஓட்டி இறங்கும்போது முன்கை நடுங்கும், விலா வலிக்கும். அந்த வலி போகும்வரை விட்டு விட்டுப் போய்வாருங்கள், ஒரே நாளில் காசைக் கொட்ட வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவரைத் துரத்தாமல், உங்கள் நேரம் ஒரே மாதிரி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மேலே சொன்ன அந்த 1:52 கணக்குதான்.

கார் பந்தயத்தின் செலவைப் பற்றிப் பொய் சொல்ல விரும்பவில்லை. 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும், 2010-இல் அடுத்ததாகப் போன நம் சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் பந்தயக் குடும்பத்தில் பிறந்தவர்கள். திறமை அவர்களுடையதுதான், ஆனால் தொடங்கும் இடம் எல்லோருக்கும் ஒன்றில்லை. நம் பர்ஸுக்குக் கொஞ்சமாவது எட்டுவது பைக். டிவிஎஸ், ஹோண்டா போன்ற கம்பெனிகள் ஒரே மாடல் வண்டிகளை வைத்து நடத்தும் போட்டிகளில் பைக்கை அவர்களே தருவார்கள். தேர்வுச் சுற்று வைத்து நேரத்தைப் பார்த்து ஆள் எடுப்பார்கள். உங்களுக்கு வேண்டியது கட்டணம், உரிமம், பாதுகாப்பு உடை.

உடையில் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். தோல் சூட் பழையது வாங்கலாம்; தையல் பிரியாமல், தோள், முட்டிப் பாதுகாப்புகள் சரியாக உட்கார்ந்தால் போதும். பூட்ஸும் அப்படியே. ஹெல்மெட் மட்டும் பழையது கூடவே கூடாது, அண்ணன் ஓட்டியது, நண்பன் கொடுத்தது என்றாலும் சரி. ஒருமுறை விழுந்த ஹெல்மெட் உள்ளே நசுங்கியிருக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ரோட்டுக்கு வாங்கியதைக் கொண்டு போனால் சோதனையில் திருப்பி அனுப்பக்கூடும். வாங்குவதற்கு முன் போட்டி விதிப் புத்தகத்தில் எந்தத் தரச் சான்று கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பிப் போகாதீர்கள்.

போட்டி உரிமம் எஃப்எம்எஸ்சிஐ தருகிறது, விண்ணப்பம் இணையத்தில். மருத்துவச் சான்று கேட்பார்கள், புதியவர் என்றால் பயிற்சிப் பள்ளிச் சான்றும் கேட்பார்கள். பந்தயத்துக்கு முந்தின வாரம் விண்ணப்பித்துவிட்டு உட்கார்ந்து கவலைப்படாமல் சீசன் தொடங்கும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். வயசு குறைந்தவர் என்றால் அப்பா அம்மா கையெழுத்து வேண்டும். ரத்த வகையைச் சோதித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சூட்டிலோ ஹெல்மெட்டிலோ ஒட்டியிருக்க வேண்டும். பந்தயத் தேதிகள் அடிக்கடி மாறும், மழை வந்தால் இன்னும் மாறும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருமுறை அறிவிப்பைப் பார்த்துவிட்டே படுங்கள்.